பாசியின் கணக்கும் ‘கண்டேன்’ என்னும் சொல்லும்

தமிழ் பயில்வான் ஒருவன் பாசியைப்பற்றி எழுதப் புகுந்தது என்னையோ என்று நம் கல்லூரி அன்பர் சிலர் வியத்தல் கூடும். அதன் காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறையாம். விடுதியில் என்னோடு ஓர் அறையில் உறையும் நண்பன் தாவரவியல் பயில்பவன். சென்ற பருவத்தில் அவன் தான் செய்த சிற்றாராய்ச்சி ஒன்றைத் தமிழ் மன்றத்திற் படித்தற்பொருட்டுக் கட்டுரையாக எழுதி, அதன்கண் உள்ள சந்திப் பிழைகளைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்தான். கிளாமிடோமோனாஸ் என்னும் ஓருயிரணுப் பாசியின் குரோமோசோம்களை எண்ணுதலே அவ்வாராய்ச்சி. வல்லெழுத்து மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் பார்த்துக்கொண்டே சென்ற யான், ‘இப்பாசியின் உயிரணுவிற் பதினேழு குரோமோசோம்கள் இருத்தலை நுண்ணோக்கியின் வழியே கண்டேன்’ என்னும் வாக்கியத்தை அடைந்து, “பதினேழையும் நீ தெளிவாகக் கண்டாயா?” என்று கேட்டேன். வியப்பினாற் கேட்டேனேயன்றி ஐயத்தினாற் கேட்டேன் அல்லேன்.

நண்பன் சிறிது நேரம் வாளா இருந்தான். பின்னர், ஓர் உயிரணுவிற் பதின்மூன்று கண்டதும், மற்றொன்றிற் பதினான்கு கண்டதும், வேறு சிலவற்றிற் பதினாறோ பதினேழோ என்று துணியமாட்டாது மயங்கியதும், ஒன்றே ஒன்றில் முப்பதுக்கு மேல் எண்ணியதும் ஆகிய அனைத்தையும் ஒளியாது கூறினான். “ஆயின் பதினேழு என்று எழுதியது எற்றுக்கு?” என்றேன். “நூலில் அவ்வாறு உள்ளது, மூத்த மாணவர் பதிவேட்டிலும் அவ்வாறே உள்ளது, பிறிதொன்று எழுதினால் எனக்கு எண்ணத் தெரியவில்லை என்றன்றோ கருதுவர்?” என்றான்.

இவ்விடை என்னைப் பன்னாள் வருத்திற்று. அவன் பொய்யன் அல்லன். கடன் வாங்கிய காலணாவையும் திருப்பித் தருபவன். அத்தகையவனும் காணாத ஒன்றைக் கண்டேன் என்று எழுதத் துணிந்தது, நம் கல்வி முறையில் எங்கோ ஒரு பழுது உண்மையைக் காட்டுகின்றது. அப்பழுதைப்பற்றியே ஈண்டு எழுதுகின்றேன். அதனை விளக்குதற்குப் பாசியின் கதையையும் சிறிது கூறல் வேண்டும்.

உயிரணு இரண்டாகப் பிரியுங் காலத்து, அதன் உட்கருவில் நூல்போற் பரந்துகிடக்கும் பொருள் சுருண்டு தடித்துச் சிறு கோல்களாகத் தோன்றும். அவை சாயத்தை நன்கு ஏற்றலின், வால்டெயர் என்னும் செருமானிய அறிஞர் 1888-இல், நிறவுடல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களாற் குரோமோசோம் என்று அவற்றிற்குப் பெயரிட்டார். ஈழத்துப் பாடநூல்கள் நிறமூர்த்தம் என வழங்கும். தாய் தந்தையரின் இயல்புகள் மக்களைச் சார்வது பெரும்பாலும் இக்கோல்களின் வழியாகவே. ஓர் உயிர்க்கு வேண்டும் கோல்கள் யாவும் ஒவ்வொன்றாக அமைந்தது ஒரு தொகுதி. ஒரு தொகுதி உடைய உயிரணு ஒருமடியம். இரண்டு உடையது இருமடியம். இரண்டின் மிக்கன உடையது பன்மடியம். நம் உடலின் உயிரணுக்கள் பெரும்பாலும் இருமடியம். தந்தைவழி 23, தாய்வழி 23, ஆக 46 கோல்கள்.

கிளாமிடோமோனாஸ் என்பது குளத்து நீரிலும் ஈர மண்ணிலும் வாழும் பாசி. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இரண்டு கசையிழைகளால் நீந்தும். ஒரே பசுங்கணிகத்தால் தன் உணவைத் தானே சமைக்கும். ஒளியை அறிதற்குச் செந்நிறப் புள்ளி ஒன்றும் உடையது. நம்மினின்றும் இது பெரிதும் வேறுபடுவது ஒன்றில்: இதன் அன்றாட வாழ்க்கை முழுதும் ஒருமடியமாகவே கழிகின்றது. நைட்ரஜன் உணவு அருகியவிடத்து, கூட்டல் வகை கழித்தல் வகை என்னும் இருதிறத்து உயிரணுக்கள் ஒன்றோடொன்று கூடும். கூடிய அக்கருவே இருமடியம். அது தடித்த சுவரை எழுப்பிக்கொண்டு நற்காலம் வருந்துணையும் உறங்கிக் கிடந்து, பின்னர்க் குன்றற் பிரிவால் நான்கு ஒருமடிய உயிரணுக்களை வெளியிடும்.

ஒன்று, இரண்டு என்னும் இவ்வேறுபாடு வெறுங் கணக்கன்று. ஏட்டுச் சுவடிகளோடு பழகிய தமிழ் மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு நூலுக்கு இரண்டு பிரதிகள் கிடைப்பின், ஒன்றில் எழுதினோன் செய்த பிழை மற்றொன்றால் மறைக்கப்படும். ஒரே பிரதி கிடைப்பின், அதன்கண் உள்ள பிழை பிழையாகவே வெளிப்பட்டு நிற்கும். இருமடிய உயிரின் மரபுக் கூறு ஒன்றிற் பழுது நேரினும் அதன் இணை பெரும்பாலும் அதனை மறைத்துவிடும். ஒருமடியப் பாசியிலோ மறைப்பார் இலர். பழுது உடனே தோன்றும். கசையிழை நீந்தாது, அல்லது பசுங்கணிகம் ஒளியைப் பயன்கொள்ளாது. இது பற்றியே உலகத்து ஆராய்ச்சியாளர் பலர் இச்சிற்றுயிரைத் தெரிந்தெடுத்துப் போற்றுகின்றனர்.

ஓருயிரணுப் பாசிகள் யாவும் ஒருமடியம் என்றும் கொள்ளற்க. மணற்சத்தாகிய சிலிக்காவினாற் செப்புப்போல மூடியும் அடியுமாக ஓடு சமைத்துக்கொள்ளும் டயாட்டம் என்னும் பாசி, வாழ்நாள் முழுதும் இருமடியம். பாலணுக்களை ஆக்குங்கால் மட்டுமே ஒருமடியமாகும். எமிலியானியா ஹக்ஸ்லேயி என்று நெடுநாள் வழங்கிவந்த கடற்பாசியோ இரு நிலைகளிலும் வாழும். இருமடிய நிலையிற் சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்து நீந்தாது மிதக்கும். ஒருமடிய நிலையில் அத்தகடுகள் இன்றிக் கசையிழைகளால் நீந்தும். அதனைக் கொல்லும் வைரசு ஒன்று உண்டு. அவ்வைரசு இருமடிய உயிரணுக்களைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும். ஒருமடிய உயிரணுக்களை ஒன்றுஞ் செய்யமாட்டாது என்று 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே அவ்வுயிர்க்கு ஒன்றா இரண்டா என்னும் வினா, வாழ்வா சாவா என்னும் வினாவே ஆகின்றது.

இத்துணைச் சிறப்புடைய கணக்கு எளிதிற் கைகூடுவதன்று. கோல்கள் தனித்தனியே தோன்றுவது பிரிவின் நடுவே சிறு பொழுதுதான். ஆதலின், பன்னிரண்டு மணி நேரம் ஒளியிலும் பன்னிரண்டு மணி நேரம் இருளிலும் மாறிமாறி வளர்த்துப் பாசிகளை ஒருங்கு பிரியச்செய்து, அப்பொழுதை நோக்கி இரவிற் கண்விழித்திருத்தல் வேண்டும். பிரிவை இடையில் நிறுத்தக் கொல்கிசின் என்னும் மருந்தை இடுவர். இம்மருந்து நம் செங்காந்தளிலும் உள்ளது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குமிடத்து முதலிற் கூறிய பூ, உயிரணுவின் கணக்கை அறிதற்கும் துணைபுரிதல் தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தருவதன்றோ! எனினும் பாசி இம்மருந்துக்கு எளிதில் அடங்குவதன்று. விலங்கினத்தின் உயிரணுவுக்குப் போதிய அளவினும் மிகப் பெரிதாக இடுதல் வேண்டும். பின்னர்ச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டின்கீழ் வைத்து நசுக்கிப் பார்ப்பின், கோல்கள் புள்ளிபோற் சிறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பதினேழு பதினான்காகத் தோன்றுதல் இயல்பே.

மிகுதியாகத் தோன்றுதற்கும் காரணம் உண்டு. கிளாமிடோமோனாஸ் பகலெல்லாம் வளர்ந்து, இரவில் ஒரே சுவரினுள் இரண்டு, நான்கு, எட்டு எனப் பலமுறை பிரியும். சுவருள் அடைபட்ட இரு சேய்களை ஒருங்கே நசுக்கினால், இரண்டு தொகுதிகள் ஒன்றுபோற் காணப்படும். உட்பொருளின் அளவை மட்டும் நிறுத்துப் பார்ப்பவரும் இவ்வாறே ஏமாறுவர். பிரிதற்கு ஆயத்தமாக நிற்கும் ஒருமடியம் பன்மடியம்போலத் தோன்றும். வேறு பாசிகளில் வேறு இடர்கள் உள. இத்தாலியின் வெந்நீர் ஊற்றுக்களில் வாழும் சியானிடியோஸ்கைசோன் என்னும் செம்பாசியின் கோல்கள் பிரிவுக் காலத்தும் தடிப்பதில்லை. ஆதலின் நுண்ணோக்கியால் அவற்றை எண்ணுதல் இயலாது. அவை இருபது என்பது மரபுப்பொருளின் எழுத்துவரிசையை முழுதும் படித்தமையாற் போந்த முடிவு. டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பாசிகளிலோ கோல்கள் எக்காலத்தும் தடித்தே நிற்கும். ஆயின் அவை மிகப் பலவாய் நெருங்கிக் கிடத்தலின் எண்ணுவார் மயங்குவர்.

கிளாமிடோமோனாசின் கணக்கும் ஒரே நாளில் தெளிந்ததன்று. நுண்ணோக்கியால் நோக்கியவருள் எட்டு என்றாரும் உளர். பதினாறு என்றாரும் உளர். கண்ணாற் காணாமலே எண்ணும் மற்றொரு நெறியும் இருந்தது. திருவிழா முடிந்தபின் எத்துணை வண்டிகள் வந்தன என்பதை வண்டிகளைப் பாராமலே அறிதல் கூடும். எவர் எவர் எப்பொழுதும் ஒருங்கே ஊர் திரும்புகின்றனர் என்று பல ஆண்டுகள் குறித்துவைத்தாற் போதும். அதுபோல, எவ்வெவ்வியல்புகள் பெரும்பாலும் ஒருங்கே வழிவழிச் செல்கின்றன என்பதைக் குன்றற் பிரிவில் தோன்றும் நான்கு சேய்களிலும் ஆராய்ந்து, ஒருங்கு செல்வன ஒரு கோலின்கண் உள்ளன என்று வகுத்தனர். அவ்வகைகளும் ஒருகாற் பத்தொன்பதாகக் கொள்ளப்பட்டுப் பின்னர்ப் பதினேழாகக் குறைந்தன. 2007-இல் அப்பாசியின் மரபுத்தொகுதி, ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி எழுத்துக்கள் உடையது, வெளியிடப்பட்டபோதும் பதினேழே நிலைபெற்றது. பாடநூலில் ஒரு சொல்லாக நிற்கும் ‘பதினேழு’ என்பதற்குப் பின்னால், எட்டு என்று கண்டு எட்டு என்றே எழுதியவரின் உழைப்பும் உள்ளது. அவர் கணக்குத் தவறியது. அவர் நேர்மை தவறவில்லை.

‘கணக்குத்தான் முடிந்துவிட்டதே, மாணவன் மீண்டும் எண்ணுவதாற் பயன் யாது?’ என்று ஒருவர் வினவலாம். வினா தக்கதே. அதற்கு விடை: நூலிற் கூறப்பட்ட எண் நூலாசிரியர் ஆராய்ந்த பாசிக்கு உரியது, நம் குடுவையில் வளரும் பாசிக்கு உரியதா என்பது நாம் எண்ணியபின்னரே விளங்கும். கூட்டல் வகையும் கழித்தல் வகையும் கூடிய கருக்களுட் சில, உறங்காமலும் குன்றற் பிரிவு எய்தாமலும் இருமடியமாகவே பிரிந்து பெருகுதல் உண்டு. அவை சற்றே பெரியனவாய், கழித்தல் வகைபோல ஒழுகும். அத்தகையது நம் குடுவையிற் புகுந்திருப்பின், பழுதுகளை மறைக்கும் இரண்டாம் பிரதி புகுந்துவிட்டது என்பது பொருள். அதன்பின் செய்யும் ஆராய்ச்சி யாவும் தடுமாறும். டிட்டைலம் பிரைட்வெல்லி என்னும் டயாட்டத்தில், ஒரே பெயரால் வழங்கிய இரு கூட்டங்களுள் ஒன்றன் மரபுப்பொருள் மற்றொன்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்பது 2010-இல் வெளியாயிற்று. பெயர் ஒன்றாதல் பற்றிக் கணக்கும் ஒன்று எனத் துணிந்திருப்பின் அவ்வுண்மை என்றும் வெளிப்பட்டிராது.

இத்துறையில் நமக்கு முன்னோரும் உளர். கோயம்புத்தூரிற் கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள் அவர்கள் (1897–1984) ஒருகாற் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிற் கற்பித்தவர். டார்லிங்டன் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகைநூலை 1945-இல் வெளியிட்டவர். காட்டுக் கரும்பு ஒரே இனமாயினும் நாற்பது கோல் உடையதும் அதன்கண் உண்டு. நூற்றிருபத்தெட்டு உடையதும் உண்டு. இனத்திற்கு ஒரே எண் என்று முன்னரே முடிவுகட்டியவர் இதனைக் கண்டிருப்பரோ? சென்னையில் எம். ஓ. பி. ஐயங்கார் அவர்கள் (1886–1963) தென்னாட்டுக் குளங்குட்டைகளின் பாசிகளை ஆராய்ந்து உலகறியச் செய்தார். நாம் காலில் வழுக்குவது பற்றி வைது கடக்கும் பாசியை அவர் வாழ்நாள் முழுதும் நோக்கினார்.

நூலை நம்பிக் கண்ணை நம்பாமையால் நேரும் தீங்கிற்கு மக்களினத்தின் கணக்கே சான்று. மனிதனுக்குக் குரோமோசோம் 48 என்று பெயின்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1923-இல் வெளியிட்டார். அவ்வெண் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூல்தோறும் நின்றது. ஜியோ, லெவான் என்னும் இருவர் சுவீடன் நாட்டில் திருந்திய முறையால் எண்ணி, 46 என்று 1956-இல் வெளியிட்டனர். அவர்தம் கட்டுரையிலேயே நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உள்ளது. அந்நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், கல்லீரல் உயிரணுக்களில் நாற்பத்தெட்டையும் காண இயலாமையால், தம் ஆராய்ச்சியை அதற்கு முன்னரே நிறுத்திவைத்திருந்தனராம்! உண்மை அவர் கண்முன்னே கிடந்தது. நூல் பிழைத்தது என்று கருதாமல், தம் கண் பிழைத்தது என்று கருதினர். ஆயினும் காணாத இரண்டைக் கண்டேம் என்று அவர் எழுதிற்றிலர். அதனை நாம் போற்றல் வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களில் அவ்விரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு உணவுக்கு மணி அடித்தவுடன் புறப்பட்டுவிடுகின்றோம்.

தாவரவியலாரை மட்டும் குறைகூறுகின்றேன் என்று எண்ணற்க. தமிழ் பயிலும் எம்மிடத்தும் இக்குறை உண்டு. மூலத்தைப் படியாது உரையைப் படித்து, உரையையும் படியாது குறிப்பைப் படித்து, ‘இப்பாட்டின்கண் இவ்வழகைக் காண்கின்றோம்’ என்று விடைத்தாளில் எழுதுகின்றோம். யானும் எழுதியுள்ளேன். காணாததைக் காண்கின்றோம் என்று எழுதியபோது என் கை நடுங்கிற்றில்லை; நண்பனின் பதினேழு கண்டபோதே என் பிழையும் எனக்குத் தோன்றியது.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியனார் தமக்கு முன்னிருந்தோர் கூறியதைக் கூறுமிடங்களில் ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் பலகாலும் எழுதிச் செல்கின்றார். பிறர் கூற்றைப் பிறர் கூற்றாகவே வைத்தல் அவர்க்கு இழிவாகத் தோன்றவில்லை. ‘இப்பாசியின் குரோமோசோம் பதினேழு என்ப’ என்று என் நண்பன் எழுதியிருப்பின், அது முழு உண்மை. ‘யான் கண்டவை பதின்மூன்று முதற் பதினேழு வரை’ என்று எழுதியிருப்பின், அதுவும் முழு உண்மை. ‘பதினேழு கண்டேன்’ என்றது ஒன்றே வழு. ஒரு வினைமுற்று மாறியதில் அறிவியல் முழுதும் மாறிவிட்டது. மொழிப் பயிற்சியும் அறிவியற் பயிற்சியும் தொடர்பிலா என்பார் இதனை நோக்குவாராக.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். விடை நூலோடு ஒத்தலையே நோக்கி மதிப்பெண் இடின், மாணாக்கன் நூலையே எழுதுவான். எத்துணை உயிரணுக்களை நோக்கினான், எவ்வெண் எத்துணை முறை தோன்றிற்று, எண்ணமுடியாதன எத்துணை, மாறுபட்டதற்குக் காரணமாக அவன் கருதுவது யாது என்பவற்றிற்கு மதிப்பெண் இடின், கண்டதையே எழுதுவான். பதினான்கு என்று எழுதிக் கோல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தமையைக் காட்டியவன், பதினேழு என்று பார்த்தெழுதியவனினும் மிக்க அறிஞன் என்பது என் துணிபு. காலம் குறைவு, மாணாக்கர் மிகுதி என்பதும் உண்மையே. ஐந்து ஆய்வைப் பார்த்தெழுதுவதினும் ஒன்றைக் கண்டெழுதுதல் நன்றன்றோ?

அன்றிரவு இவையெல்லாம் பேசி முடித்தபின், நண்பன் தன் கட்டுரையை வாங்கி அவ்வாக்கியத்தை அடித்தான். தான் கண்ட எண்களை வரிசையாக ஓர் அட்டவணையாக்கினான். முப்பதுக்கு மேல் எண்ணிய ஓர் உயிரணுவை விட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டான். அதுவே அவன் கண்டவற்றுள் மிகச் சிறந்ததாக இருத்தல் கூடும் என்றேன். சுவருள் அடைபட்ட இரு சேய்களோ, உண்மையாகவே இருமடியமோ, வெறும் எண்ணுப் பிழையோ என்று மூன்று காரணங்களையும் குறித்துவைத்தான். மன்றத்தில் அவன் அதனைப் படித்தபோது சிலர் நகைத்தனர். ‘முடிவு யாது?’ என்றார் ஒருவர். ‘மீண்டும் எண்ணல் வேண்டும்’ என்றான் நண்பன். இவ்வாண்டு அப்பாசியை அவன் மீண்டும் வளர்த்துவருகின்றான். விளக்கு அணைந்தபின் இரவில் எழுந்து ஆய்வுக்கூடம் செல்ல இசைவும் பெற்றுள்ளான். எத்துணைக் கோல்கள் கண்டான் என்பதை அடுத்த ஆண்டு மலரில் அவனே எழுதுவான். அவ்வெண் யாதாயினும் ஆகுக. ‘கண்டேன்’ என்று அவன் எழுதும்போது, அச்சொல்லை யான் திருத்த வேண்டியிராது.